இரண்டு விரல் இடைவெளி

என் கணவருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘ரெஸ்டோரண்டில்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அதுதான் வேலை என்பதால் மேற்கொண்டு கேள்வி வராது. உண்மையில் அவர் ஒரு முட்டைகூடப் பொரிப்பதில்லை. மலையில், கேபிள் கார் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஓர் உணவகம் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் அதற்குப் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் சாமான் இழுத்துக்கொண்டு போகிறவர் அவர். போகும்போது வெங்காயம், உருளைக்கிழங்கு, பால், காஸ் சிலிண்டர். வரும்போது குப்பை. இந்த நாட்டில் அந்த வண்டியைப் பொழுதுபோக்குக்கு ஓட்டித் திரிய விடமாட்டார்கள். வேலைக்கென்று அனுமதி எடுத்தவர்கள்தான் ஓட்டலாம். அனுமதி எடுத்த எங்கள் வீட்டு மனிதருக்கு அது ஒருநாளும் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

அவர் முன்பு சூரிக்குக்குப் பக்கத்தில் பாடனில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். இரண்டாயிரத்து ஒன்பதில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். ஊரில் சண்டை முடிந்த அந்த வருடத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஜெனீவாவில் கொடியோடும் படத்தோடும் நின்று கோஷம் போட்டுத் திரும்பி வந்த நாட்களில், வேலை போனதைப் பற்றிக் கவலைப்படவே எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கவலைப்பட வேண்டி வந்தது. அங்கே இங்கே என்று நின்று கடைசியில் இந்த மலைவேலை கிடைத்தது. கிழமையில் ஐந்து நாள் மேலே தங்கல், இரண்டு நாள் வீடு. நான் முதியோர் இல்லத்தில் மாறி மாறி வரும் நேரங்களில் வேலை செய்கிறேன். அவருடைய இரண்டு நாளும் என்னுடைய விடுமுறையும் பெரும்பாலும் ஒன்றை ஒன்று சந்திப்பதில்லை. நான் வரும்போது அவர் போர்த்துக்கொண்டு நித்திரை. அவர் எழும்பும்போது நான் பேருந்தில். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெட்டியை மற்றவருக்காகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவதற்குப் பெயரும் குடும்பம்தான்.

மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன அந்தக் குளிர்காலத்தில் அவர் விழுந்தார். உணவகத்துக்குப் போகிற பாதை இயந்திரத்தால் சமப்படுத்தப்பட்ட சறுக்குப் பாதை அல்ல. வெறும் சரிவு. புதுப்பனி விழுந்த மறுநாள் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேலிக்கட்டை மூடிக் கிடந்திருக்கிறது. வண்டி அதில் ஏறிச் சாய, கைப்பிடியின் முனை அவருடைய இடது விலாவில் குத்தியது. மூன்று எலும்புகள். மனிதர் எழும்பி, வண்டியை நிமிர்த்தி, சாமானைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் விழுந்த கதையைச் சொல்லியிருக்கிறார். வெங்காயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொன்னாராம்.

கீழே ஆஸ்பத்திரியில் வைத்தியர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். எலும்பு பொருந்திவிடும், ஆனால் அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் அது சுவாசப்பையில் குத்தலாம். இவர் தனியாக மலையில் போகிறவர் என்பதையும் மறக்க வேண்டாம் என்றார். நான் எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை.

உணவகத்து முதலாளி நல்ல மனிதர். அடுத்த குளிர்காலம் மேலுடம்புக் கவசம் இல்லாமல் வண்டியில் ஏற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாங்கித் தருவது தன் பொறுப்பு, ஆனால் போட்டுப் பார்த்து எடுப்பது உங்கள் பொறுப்பு என்றார். இவர் போட்டுப் பார்க்கப் போகவில்லை. கோடை முழுவதும் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று இழுத்தார். ஐப்பசி வந்தது. கேட்டால், எனக்கு உது தேவையில்லை, நான் என்ன சண்டைக்கோ போறன் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னுடைய விடுமுறை நாளில் நானே போனேன்.

அவரில்லாமல் அளவுக்கு என்ன செய்வது? எங்களிடம் அதற்கு ஒரு வழி இருக்கிறது. தையல்காரரிடம் ஆளா போகும், அளவுச் சட்டைதானே போகும். அலுமாரியைத் திறந்து அவருடைய கோட்டை எடுத்தேன். சாமத்திய வீடு, பிறந்தநாள், கலியாணம் என்று எந்த மண்டபத்துக்கும் அவர் போடுகிற ஒரே கோட் அது. பிடித்துப்போய் இத்தனை வருடமாகப் போடுகிறார், அதைவிடச் சரியான அளவு எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன்.

சூரிக்கில் அந்தக் கடையில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டொரு வயதுதான் கூட இருக்கும். பனிமலைச் சாமான்களுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோட்டை விரித்து இந்த ஆளுக்குக் கவசம் வேண்டும் என்று நான் கேட்டபோது, அவள் சிரிக்காமல் இருந்ததற்காக இன்றைக்கும் அவளை நினைத்துக்கொள்வேன். ஆளைக் கூட்டிவர முடியாதா என்று இரண்டு முறை கேட்டாள். முடியாது, அவர் வேலையில் என்றேன். கோட்டின் நெஞ்சளவையும் முதுகு நீளத்தையும் எடுத்துக்கொண்டாள்.

நெஞ்சுக்கு ஒன்று முதுகுக்கு ஒன்று என்று தகடு வைத்துத் தைத்தால் கவசம் என்று நினைத்திருந்தேன். அது பெரிய படிப்பு. கெட்டிப் பிளாஸ்டிக் தகடு கூரான அடியைத் தாங்கும், ஆனால் சறுக்கி நகரும். மென்மையான நுரை உடம்போடு ஒட்டி இருக்கும், அடி விழும்போது மட்டும் இறுகும், ஆனால் கடுங்குளிரில் போடுகிற நேரத்திலேயே விறைத்துக் கிடக்கும். சிலவற்றில் தோளுக்கும் உண்டு. அது கையைத் தூக்க விடாது, வண்டி பனியில் புதைந்தால் மண்வெட்டி பிடிக்க முடியாது. உள்ளே மெல்லிய பனியன், அதன்மேல் கவசம், அதன்மேல் பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கிற கருவி, அதன்மேல் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப்பை உள்ள முதுகுப்பை. இந்த வரிசை மாறக்கூடாது என்றாள். ஒருவர் வெங்காயம் கொண்டுபோக இவ்வளவு வேண்டியிருக்கிறது.

நான் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே இருந்தவற்றில் பெரும்பாலானவை நெஞ்சையும் முதுகையும் மூடிவிட்டு விலாவைத் திறந்தே வைத்திருந்தன, இரண்டு பக்கமும் பட்டி மட்டும். என் மனிதருக்கு உடைந்தது அங்கேதானே. விலாவுக்கும் தகடு வளைந்து வருகிற ஒன்றைத் தேடிக் கடைசியில் ஒன்று கிடைத்தது. சரியானதைப் பிடித்துவிட்டேன் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கிழமை அவர் போட்டார். நெஞ்சுத் தகடு தொங்கியது. பட்டிகளை முடிவுவரை இழுத்தேன், அப்போதும் தொங்கியது. வண்டியில் இருப்பதுபோல் கதிரையில் முன்னுக்குக் குனிந்து கைகளை நீட்டச் சொன்னேன். தகடு மேலே எழும்பி அவருடைய தாடையில் இடித்தது. நான் தேடித் தேடி எடுத்த விலாத்தகடு முன்னால் வயிற்றுப் பக்கம் போய் நின்றது. கடைக்காரப் பெண் பிழையான அளவைத் தந்துவிட்டாள் என்று நான் கத்தத் தொடங்கினேன். அவர், ஸ்வெற்றருக்கு மேல் போட்டபடியால்தான் அப்படி என்று மட்டும் சொன்னார். ஸ்வெற்றருக்கு மேல் போட்டால் இறுக வேண்டுமே தவிரத் தொங்கக்கூடாது என்பது அந்த நேரத்தில் எனக்கு ஓடவில்லை. முதல்நாள் இரவு வேலை முடித்து வந்திருந்தேன். சரியாக யோசிக்கிற அளவுக்கு எனக்கு நித்திரை இருக்கவில்லை.

இந்த முறை இழுத்துக்கொண்டு போனேன். அதே பெண் நின்றாள். கோட்டுக்கு உரியவர் இவர்தானா என்று கேட்டுவிட்டு, ஸ்வெற்றரைக் கழற்றச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மாலையில் வேலை இருந்தது. அவர் ஒரு ஸ்வெற்றரைக் கழற்றினார். உள்ளே இன்னொன்று இருந்தது. அதற்குள் இன்னொன்று. மூன்றாவதைத் தலைவழியாக இழுத்தபோது பனியனும் கூடச் சேர்ந்து மேலே போனது. விலா எலும்புகளை நான் கண்டேன், முறிந்து பொருந்திய மூன்றும் எவை என்று தெரிந்தது.

என் வேலை முதியவர்களைக் குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் கிழமைக்கு ஒருமுறை நிறுப்பதும். இரண்டு கிலோ குறைந்தாலும் நான் போய்த் தாதியிடம் சொல்ல வேண்டும். எந்த ஆச்சி கஞ்சியை மிச்சம் விடுகிறா, எந்த ஐயாவுக்குக் காற்சட்டை வழிகிறது என்று எனக்குத் தெரியும். மண்டபங்களில் பெண்கள் என்னிடம், அண்ணை நல்லா மெலிஞ்சுபோனார் என்று சொன்னபோது, எனக்குச் சமைக்கத் தெரியாது என்று குத்துகிறார்கள் என்று நினைத்தேன். அவர் மலைக்காற்றைக் குடிக்கிறவர் என்று பகிடியாகச் சொல்லி வாயை அடைத்துவிட்டேன். தாடி வளர்த்தபோது, வயதுபோன காலத்தில் என்ன ஸ்டைல் என்று கேலி செய்தேன். கோட்டுக்குள் ஸ்வெற்றர் போட்டபோது குளிருக்கு என்று நம்பினேன். அந்தக் கோட்டை அவர் உள்ளுக்குள் துணி திணித்து நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிறிய அளவு எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். நான் தமிழில் கேட்டேன்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

“நாள் முழுக்க ஆக்களைத் தூக்கி நிறுத்துப்போட்டு வாறீர். வீட்டிலையும் ஒருத்தனை நிறுக்க வைக்கிறதோ எண்டு நினைச்சன்.”

எனக்கு அழுகை வந்தது. அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. அடிக்க அந்த உடம்பில் இடம் இல்லை.

சிறிய அளவுகளில் மிகச் சிறியது அவருக்குப் பொருந்தியது. கடையில் வண்டியின் பழைய இருக்கை ஒன்று இருந்தது, அதில் அந்தப் பெண் அவரை ஏற்றிக் குனியவும் நிமிரவும் எழும்பி நிற்கவும் வைத்தாள். தலைக்கவசம் போட்டு மேலே பார்க்கச் சொன்னாள், முதுகுத்தகடு அதில் இடிக்கவில்லை. விலாத்தகடு சரியாக அந்த மூன்று எலும்புக்கு மேலே நின்றது. பிறகு என் கையைப் பிடித்துப் பக்கப் பட்டிக்குள் விட்டுக் காட்டினாள். இரண்டு விரல் போகலாம். மூன்றாவதும் போனால் கவசம் பெரிது, அடி விழும்போது அது வேறெங்கோ இருக்கும். ஒவ்வொரு முறையும் பாருங்கள் என்றாள்.

வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம், சலம், படம் எல்லாம் எடுத்தார்கள். பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை என்றார்கள். வயது, வேலை, நேரத்துக்கு நேரம் சாப்பிடாதது, நித்திரை இல்லாதது. மேலே அவருக்குச் சீஸ் வாசம் பிடிக்காமல் பாணும் தேத்தண்ணியுமாகக் காலம் தள்ளியிருக்கிறார். ஓய்வு எடுங்கள் என்றார் வைத்தியர். யார் தருவது என்று நான் கேட்கவில்லை. களைப்புக்கு மருந்துக்கடையில் மருந்து இல்லை.

அந்தக் குளிர்காலம் அவர் போனார். நான் முறைமாற்றம் கேட்டு வாங்கி, அவர் புறப்படுகிற நாளில் காலையில் மட்டும் வீட்டில் இருக்கும்படி செய்துகொண்டேன். சாப்பாட்டுப் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தேன். கவசத்தைப் போடச் சொல்லிப் பட்டிக்குள் விரல் விட்டேன். இஞ்சை என்ன, பஸ்ஸிலையோ விழப்போறன் என்று அவர் சலிப்பார். கையைத் தூக்குங்கோ என்பேன். தூக்குவார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நான் அவரைத் தொட்டது அப்படித்தான், ஒரு பிளாஸ்டிக் தகட்டுக்கும் பனியனுக்கும் நடுவில். இரண்டு விரல்தான் போனது. தை போனது, மாசி போனது, அதே இரண்டு விரல். அவர் விழவில்லை. அதற்காக நான் கோயிலுக்கு வைத்த நேர்த்தியும் ஒன்று இருந்தது, அதைத் தீர்த்தோம்.

கோடையில் அவர் கீழே ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவினார். அடுத்த ஐப்பசியில், மேலே முதல் பனி விழுந்துவிட்டது என்று முதலாளி அழைத்தார். அன்று எங்கள் இருவருக்கும் விடுமுறை. அவர் அலுமாரியிலிருந்து கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் வந்து இருந்தார். நான் கேட்காமலே கையைத் தூக்கினார். பட்டியை இறுக்கினேன். விரலை விடப் போகும்போது அவருடைய நெஞ்சு மெல்ல மேலே எழும்புவதைக் கண்டேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பு கோட்டை நிரப்பிய அதே ஆள், இப்போது திணிக்கத் துணி இல்லாமல் காற்றால் நிரப்பிக்கொண்டிருந்தார்.

“மூச்சை விடுங்கோ.”

விட்டார். மூன்றாவது விரலும் போனது. பட்டியில் இழுக்க இனி நீளம் இல்லை.

“இந்தமுறை மேலை போக வேண்டாம்.”

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வாடகையைச் சொல்வார், மகளின் படிப்பைச் சொல்வார், இந்த வயதில் இனி எவன் வேலை தருவான் என்பார். ஒவ்வொன்றுக்கும் மறுமொழி வைத்திருந்தேன். கத்தத் தேவையான மூச்சையும் எடுத்து வைத்திருந்தேன்.

“ஓம்,” என்றார்.

யாராவது சொல்லட்டும் என்று எத்தனை குளிர்காலமாக அவர் காத்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. நான் பட்டிகளைக் கழற்றினேன். கவசத்தை முன்பக்கமாக எடுத்துக் கதிரையின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பட்டப்பகலில், கையைத் தூக்கியபடி இருந்த அந்த மனிதர் கையை மடியில் போட்டுக்கொண்டு நித்திரையாகியிருந்தார்.