வலைக்குப் பங்கு உண்டா?

"கணக்கில் சந்தேகமா? தயங்காமல் கேளுங்கள்" என்று சில வாரங்களுக்கு முன்பு இந்தப் பத்தியில் எழுதித் தொலைத்தேன். கணித ஆசிரியைக்கு இவ்வளவு வாய்க்கொழுப்பு கூடாது!

மக்கள் கொஞ்சமும் தயங்கவில்லை. மருந்துக் கடையில், பேருந்தில், பூசை முடிந்து கோயில் வாசலில்... எங்கே கண்டாலும் கணக்குத்தான். மறிச்சுக்கட்டியிலிருந்து ஒரு தகப்பன் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். "ரீச்சர், சைபரால பிரிக்கேலாது எண்டு மகன்ட புத்தகத்தில கிடக்கு. ஆர் தடை போட்டது? எந்தக் கந்தோரில போய்க் கேக்கலாம்?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. காணி விஷயமாக எல்லா அரசாங்கக் கந்தோர்களிலும் ஏறி இறங்கிய மனிதர். தடை என்றால் அதற்குப் பின்னால் ஓர் அதிகாரி இருப்பார் என்பது அவருடைய அனுபவம்.

இப்படிப் புகழ் தலைக்கேறியிருந்த நேரத்தில்தான் தாழ்வுபாட்டுக் கரையிலிருந்து றோசலின் வந்தார். மகள் டிலக்சியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார் என்பதே சரி. பிள்ளை தரம் ஐந்து. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. இப்படியான நேரத்தில் நம் ஊர்த் தாய்மாரோடு யாராவது சாதாரணமாகப் பேச முடியுமா?

கதிரையில் இருக்குமுன்பே மாதிரி வினாத்தாளை நீட்டினார். நான்கு மீனவர்கள் 56 கிலோ மீன் பிடித்தார்கள், சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை கிலோ என்பது வினா. டிலக்சி எழுதிய விடை எட்டு. அதன் மேல் சிவப்பில் ஒரு பெரிய பிழை அடையாளம்.

"ஐம்பத்தாறை நாலால பிரிச்சா எவ்வளவு, பிள்ளை?"

"பதினாலு."

"அப்ப ஏன் எட்டு எண்டு எழுதினனீ?"

"நாலு பேருக்கு நாலு பங்கு. படகுக்கு ஒண்டு, எஞ்சினுக்கு ஒண்டு, வலைக்கு ஒண்டு. ஏழு பங்கு, ரீச்சர். எல்லாம் சமன்தான்."

அவளுடைய கரையில் அதுதான் வழக்கம். எண்ணெய்ச் செலவு போக மிஞ்சுவதில் ஆட்களுக்கு மட்டுமல்ல, படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. எது யாருக்குச் சொந்தமோ அதன் பங்கு அவருக்கு.

"படகு மீன் தின்னுமோ?" என்று கேட்டேன். பெரிய நகைச்சுவை என்று எனக்கு நினைப்பு.

பிள்ளை சிரிக்கவில்லை. "அப்பா கடலுக்குப் போறேல்ல. அவற்ற வலை மட்டும்தான் போகுது. அப்ப அவர் சாப்பிடக் கூடாதோ?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. றோசலினின் கணவர் சூசை அண்ணருக்கு இடுப்பில் அடிபட்டு, இனிக் கடல் இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவருடைய வலை, தம்பி அல்பேட்டின் படகில் போகிறது. அந்த வலைப் பங்கில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

"நியாயம் எனக்கும் விளங்குது ரீச்சர்," என்றார் றோசலின். "ஆனா எனக்குப் புள்ளியெல்லோ வேணும்! பங்குக் கணக்கு வந்தா ஒண்டில் ஏழால பிரிக்கிறாள், இல்லாட்டி வெறுமையா விடுறாள். நாலால பிரிச்சா அப்பாவை விட்டுப்போட்ட மாதிரி இருக்காம்."

நான் சும்மா விடுவேனா? சோதனையில் வரும் மீனவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு அப்பா அம்மா இல்லை, வலை இல்லை, ஒன்றுமே இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். கடைசியில் பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு 14 என்று எழுதினாள். பச்சை மையில் பெரிதாகச் சரி போட்டேன். பக்கத்தில் "மிக நன்று" வேறு!

அடுத்த வாரம் றோசலினிடமிருந்து அழைப்பு. "ரீச்சர், வலைப் பங்கை வெட்டிப்போட்டார்!"

"ஆர்?"

"இவற்ற தம்பிதான். பிள்ளை ஆசையா உங்கட தாளைக் கொண்டுபோய்க் காட்டினவள். ரீச்சரே சரி போட்டிருக்கிறா, இனி வலைக்குப் பங்கில்லை எண்டு நிக்கிறார்."

ஐயோ, கடவுளே! ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். நியாயம், மனச்சாட்சி, கூடப்பிறந்த பாசம் என்று வழி நெடுக ஒரு பிரசங்கம் தயாரித்தேன்.

கரையில் அல்பேட்டும் அவரோடு தொழிலுக்குப் போகும் மூன்று பேரும் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி சூசை அண்ணர். பக்கத்தில் டிலக்சி.

"வாங்கோ ரீச்சர், வாங்கோ!" அல்பேட் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம் தம்பி, ஆனா..."

"என்ன ஆனா? படிச்ச ஆக்கள் சொன்னா நாங்கள் கேக்கத்தானே வேணும்."

அதுவரை இந்த மனிதர் படித்த ஆட்கள் சொன்ன எதைக் கேட்டார்? அன்றைக்கு மட்டும் கல்விக்கு அப்படி ஒரு மரியாதை! என் பிரசங்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. சூசை அண்ணர் தலை நிமிரவேயில்லை. என்னாலல்லவா அவர் தம்பி முன்னால் இப்படி நிற்கிறார்!

"சரி சித்தப்பா," என்றது ஒரு சின்னக் குரல். "நாலாலயே பிரிப்பம். அப்ப உங்களுக்கும் பதினாலுதான்."

"என்னது?"

"அந்தக் கணக்கில படகும் இல்லை, எஞ்சினும் இல்லை. முந்தி உங்களுக்கு எட்டு, உங்கட படகுக்கு எட்டு, எஞ்சினுக்கு எட்டு. இருபத்திநாலு. இனிப் பதினாலு. இந்த மாமாக்களுக்கு முந்தி எட்டு. இனி அவைக்கும் பதினாலு."

வலைப் பங்கை வெட்டிய மனிதர், படகுப் பங்கையும் எஞ்சின் பங்கையும் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். நான் அதை யோசிக்கவே இல்லை. பட்டம் பெற்றவள் நான்!

பாசி பிடுங்கிய மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"ரீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும், அண்ணை."

"பச்சை மையிலயெல்லோ போட்டிருக்கிறா!"

"மிக நன்று எண்டும் கிடக்கு," என்றார் மூன்றாமவர், எட்டிப் பார்த்து.

அல்பேட் தாளை அவசரமாக மடித்து என் கையில் திணித்தார். "உது பள்ளிக்கூடக் கணக்கடாப்பா! கரைக்குச் சரிவருமே? வலை இல்லாமல் மீன் வருமோ? விசர்க் கதை கதையாதேங்கோ!"

அன்று பின்னேரமே வலைப் பங்கு வீடு வந்து சேர்ந்தது. சூசை அண்ணர் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சிரித்தார்.

நானும் கவனித்திருக்கிறேன்... விடை பிழை என்று நம் ஆட்கள் சொல்லவே மாட்டார்கள், தங்கள் பங்கில் கை வைக்கும் வரைக்கும். அதற்குப் பிறகு எல்லோரும் கணித மேதைகள்தான்.

டிலக்சி போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மாதிரி வினாத்தாளோடு வந்தாள். ஐந்து மீனவர்கள், 45 கிலோ மீன். ஒன்பது என்று எழுதியிருந்தாள். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: "படகும் எஞ்சினும் வலையும் ஐந்து பேருக்கும் சொந்தம் என்றால்."

அதை அழிக்கச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பரீட்சையில் புள்ளி அந்த ஒன்பதுக்குத்தான். வீட்டில் சோறு, அடைப்புக்குறிக்குள் இருப்பதற்கு!