விரதக்காரன் குடித்த பவுடர்

மச்சானின் முகம் சேற்றில் அழுந்திக் கிடந்தது. பிடரியில் ஒருவனுடைய முழங்கால், இடுப்பைச் சுற்றி இன்னொருவனுடைய கைகள். மூன்றாவது ஆள் ஓடிவந்து முதுகின்மேல் விழுந்தான். விலா முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. நடுவர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். மேலே கிடந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

அதே ஆட்கள் முந்தின இரண்டு வருடமும் அவரைத் தொடவே தயங்கியவர்கள்.

அவர் என் தங்கையின் கணவர். நாங்கள் மூவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இப்போது அங்கே செம்பனை. லய வீடுகளை இடித்துவிட்டார்கள், பழைய பள்ளிக்கூடத்தின் பாடாங் மட்டும் மிச்சம். பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் திடலில் நாற்பது வயது தாண்டியவர்களுக்குக் கபடி நடக்கும். செமோரிலும் லகாட்டிலும் தாமான் வீடுகளில் குடியேறிவிட்ட தோட்டத்துக்காரர்கள் ஒரு பக்கம், ஆயர் தாவார்க்காரர்கள் மறுபக்கம். தோற்ற அணி ஆட்டுக்கறி சமைத்துப் போட வேண்டும். வேறு பரிசு கிடையாது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு பல்லோ ஒரு விரலோ உடையாமல் ஆட்டம் முடிந்ததில்லை.

தைப்பூசம் அதை ஒட்டியே வருவதால், காவடி எடுக்க விரதம் இருப்பவர்களும் ஆட வருவார்கள். தாடியும் கழுத்தில் மாலையுமாக இருக்கும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சாமிமேல் கால் படக் கூடாது, சாமியை மண்ணில் தள்ளக் கூடாது. எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. இரு அணியும் மீறியதும் இல்லை. கபடியில் பாதி வேலை காலால் நடப்பது என்பதால், விரதம் இருக்கும் ஒருவர் எங்கள் பக்கம் இருந்தால் அது எங்களுக்குப் பெரிய லாபம். மச்சான் பாடிக்கொண்டு உள்ளே போவார், அவர்கள் ஒதுங்குவார்கள், இவர் புள்ளியோடு திரும்புவார். அதற்காக நாங்கள் வெட்கப்பட்டதில்லை.

மச்சான் வேண்டிக்கொண்டது ஆட்டத்துக்காக அல்ல. தங்கைக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த வாரமே, மூன்று வருடம் தொடர்ந்து அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்தது, மருந்து ஏற்றியதும் சில மாதங்களுக்கு முன்புதான் முடிந்தது. இது மூன்றாவது வருடம். இடையில் ஏதாவது தவறினால் நோய் திரும்பி வந்துவிடும் என்று நம்பினார். என்னிடம் அதை வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

முந்தைய விரதத்தில் அவர் உடம்பு வற்றிப்போனது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிவிட்டு வந்து, சாம்பார்ச் சோறு மட்டும் தின்று, மாலையில் பயிற்சி செய்தால் வேறு என்ன ஆகும்? ஆகவே இந்த முறை, லோரி ஆயர் தாவார் பக்கம் போன நாளில், உடற்பயிற்சிச் சாமான் விற்கும் கடையில் அமினோ அமிலப் பவுடர் ஒரு டின் வாங்கி வந்தார். கடைக்காரர் எதிரணியின் தலைவர். மச்சானின் தாடியையும் மாலையையும் பார்த்துத்தான் விற்றார்.

நான் டின்னின் பின்புறத்தைப் படித்தேன். லூசின், ஐசோலூசின், வாலின், அவற்றோடு குளூட்டமின். முதல் மூன்றும் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாதவை, தின்றுதான் பெற வேண்டும். தசை தேய்ந்ததைக் கட்டுவதற்கு இவை வேண்டும். நான் விரதம் இல்லாதவன் என்றாலும் அவரோடு சேர்ந்து குடித்தேன். மாம்பழச் சுவை, அடியில் லேசான கசப்பு. பயிற்சிக்கு மறுநாள் தொடையில் இருக்கும் வலி எனக்குக் குறைந்தது. மச்சான் காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். பவுடரால் எவ்வளவு, கூடவே தின்ற சோயாத் தெம்பேயால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் அந்த வருடம் வற்றவில்லை, அது கண்ணால் கண்டது.

சைவம்தானா என்று நான் கேட்டதற்கு அவர் டின்னைத் திருப்பி ஹலால் முத்திரையைக் காட்டினார். பன்றி இல்லை, சாராயம் இல்லை, பிறகென்ன என்றார். நம்மில் பாதிப் பேர் கடையில் அப்படித்தான் பார்த்து வாங்குகிறோம்.

ஆட்டத்தின் முதல் பாதி வழக்கம்போல் போனது. அவர்கள் ஒதுங்கினார்கள், நாங்கள் முன்னிலையில் இருந்தோம். இடைவேளையில் கடைக்காரர் நடுக்கோட்டருகே வந்து நின்று, தன் ஆட்களிடம் பேசுவதுபோல் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"இனிமே சாமி சாமின்னு வழி விடாதீங்க லா. சாமி குடிக்கிறது என் கடை பவுடரு. அத வாத்து எறகுலேருந்து எடுக்கிறான்."

"ஹலால் சாப் இருக்கு," என்றார் மச்சான்.

"வாத்தும் ஹலால்தான் லா. சைவம்னு எவன் சொன்னான்?"

அவர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலும் ஒருவன் சிரிப்பை அடக்கினான்.

"வாங்குறப்ப ஏன்டா சொல்லல?" என்றார் மச்சான்.

"நீ கேட்டியா?"

இரண்டாம் பாதியில் மச்சான் பாடிக்கொண்டு உள்ளே போன முதல் தடவையிலேயே அது நடந்தது. கணுக்காலைப் பிடித்து இழுத்தார்கள், தரையில் அடித்தார்கள், மேலே விழுந்தார்கள். இரண்டு வருடம் தோற்று ஆட்டுக்கறி சமைத்துப் போட்ட கோபம் முழுவதும் அவர் முதுகில் இறங்கியது. மாலை அறுந்து மணிகள் சேற்றில் சிதறின. ஒருவன் வேண்டுமென்றே குதிகாலால் அவர் தோளை மிதித்தான்.

மச்சான் எழுந்தபோது வாயெல்லாம் மண். நேராகக் கடைக்காரரிடம் நடந்தார். மூக்கின்மேல் ஒரே குத்து. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்ததையும் ரத்தம் பீறிட்டு அவர் மஞ்சள் பனியனில் விழுந்ததையும் நான் பார்த்தேன். கீழே விழுந்தவரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மறுபடியும் குத்தினார். அதன்பிறகு திடலே அடிதடியானது. மூலையில் நட்டிருந்த கம்பைப் பிடுங்கி ஒருவன் வீசினான். மச்சானை இழுக்கப் போன எனக்கு ஒரு முழங்கை வாயில் விழுந்து கீழ்ப்பல் உடைந்தது. நானும் ஒருவனை உதைத்தேன், யார் என்று பார்க்கவில்லை.

தங்கை காரில் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். தலையில் துணி கட்டியபடி அவள் திடலுக்குள் நடந்து வந்தபோது அவளுக்கு வழிவிட்டார்கள். அவளை இடித்துவிடுவோமோ என்ற பயத்தில் கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அவள் கணவர் முன் நின்றாள்.

"எறக தெரியாம தின்னீங்க. அது சாமிக்குப் புரியும். இவரு மூக்க தெரிஞ்சுதான ஒடச்சீங்க?"

மச்சான் கடைக்காரர்மேலிருந்து எழுந்தார். "மூணாவது வருசம்," என்றார். "உனக்கு அது திரும்ப வந்துட்டா?"

"வந்தா ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஒடஞ்ச விலாவோட உங்கள அலகு குத்த விடமாட்டேன். காவடி அடுத்த வருசம்."

அவர் அங்கேயே உட்கார்ந்து, சிதறிய மணிகளைச் சேற்றிலிருந்து பொறுக்கத் தொடங்கினார். வலது கை வீங்கி விரல்கள் மடங்காததால் இடது கையால் பொறுக்கினார். ஆட்டுக்கறி அன்று யாரும் சமைக்கவில்லை.

மறுநாள் பல்லைக் காட்ட ஈப்போவுக்குப் போனபோது டின்னையும் ஒரு மருந்துக் கடையில் காட்டினேன். மருந்தாளர் பெண்மணி நிதானமாகச் சொன்னார். இந்த அமினோ அமிலங்களைச் சிலர் இறகு, முடி போன்றவற்றிலிருந்து எடுக்கிறார்கள், சிலர் சோளத்தைப் புளிக்கவைத்து எடுக்கிறார்கள். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். எதிலிருந்து என்று டின்னில் எழுதாவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த டின்னில் எழுதவில்லை. ஆக, கடைக்காரர் சொன்னது உண்மையா, ஊகமா என்பதுகூட இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு மூக்கும் இரண்டு விலாவும் அதற்காக உடைந்தன.

மச்சான் டின்னைக் குப்பையில் போடப் போனார். தங்கை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மருந்து ஏற்றிய பிறகு அவளுக்குக் கை கால் சதை கரைந்திருந்தது, படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவாள். மருத்துவமனையில் உணவு ஆலோசகரிடம் காட்டினாள். சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, சாப்பாட்டோடு கொஞ்சம் குடிக்கலாம் என்றார்கள். தினமும் காலையில் மச்சான் எதிரிலேயே கலக்கிக் குடித்தாள். "எனக்கு வெரதம் இல்ல லா," என்று ஒரு நாள் அவருக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்.

தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலுக்கு அவள்தான், விரதம் இல்லாமலேயே, பால்குடம் எடுத்தாள். நின்று நின்று நடந்தாள், ஆனால் நடந்தாள். மச்சான் மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஓரடி பின்னால் வந்தார், மூச்சை ஆழமாக இழுக்க முடியாமல். வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில், மூக்கின்மேல் பிளாஸ்டருடன் கடைக்காரர் நின்று போத்தல்களை நீட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கை பாதியில் நின்றது. மச்சானின் இடது கை இறுகி மூடியது. நான் இருவருக்கும் நடுவே போய் நின்றேன்.

தங்கை ஒரு போத்தலை வாங்கிப் பின்னால் நீட்டினாள். மச்சான் கையை விரித்து வாங்கினார். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போத்தலைத் திருப்பி, ஒட்டியிருந்த தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். வெறும் தண்ணீர். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து குடித்தார்.