பேஸ்மென்ற்றில் இரண்டு பட்ஜிகள்

முதுகு பிடித்துக்கொண்ட அந்தக் குளிர்காலத்தில் நான் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்த காலம். மிசிசாகாவில் ஒரு பக்டரியில் பெட்டி அடுக்கும் வேலை. ஒருநாள் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கியவன் பிறகு நிமிரவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து காரில் ஏற்றினார்கள். பாரம் தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது, நெடுநேரம் கதிரையில் இருக்கவும் கூடாது என்றார் டொக்டர். மிச்சம் இருந்தது படுப்பது ஒன்றுதான்.

அறையின் ஒரே யன்னல் நிலமட்டத்தில் இருந்தது. சாப்பாட்டுத் தட்டின் அளவு. டிசம்பரிலேயே பனி அதை மூடிவிட்டது. சுவருக்கு மறுபக்கம், வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் உறுமி உறுமி ஓயும். காயப்பட்டவனுக்கான உதவிப்பணத்தில்தான் காலம் போனது. கூட வேலை செய்தவன் ஒருவன் ரெலிபோனில் எச்சரித்தான்: "வெளியிலை கண்டபடி திரியாதை மச்சான். நீ சும்மா நடக்கிறதைப் பாத்தாலும் சுகமாப் போச்சு எண்டு எழுதிக் காசை நிப்பாட்டிப்போடுவாங்கள்." அது உண்மையோ பொய்யோ தெரியாது. ஆனால் அதன் பிறகு குப்பைப் பையை வைக்கக்கூட நான் வெளியே போகவில்லை.

பட்ஜிகள் கீழே வந்தது அப்போதுதான். மேல்வீட்டு அங்கிள் ஆசையாக வாங்கி வளர்த்த சின்னக் கிளிச் சோடி. ஒன்று நீலம், ஆண். மற்றது பச்சை, பெண். எங்கள் ஆட்கள் அவற்றை லவ் பேர்ட்ஸ் என்பார்கள்; அங்கிளும் அப்படித்தான் சொல்வார். அவருக்கு இழுப்பு வருத்தம், ஆஸ்மா. அந்த வருடம் அது கூடியபோது, இறகின் தூசி ஆகாது, பறவைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். யாருக்கும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்ரி கூட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"கொஞ்ச நாளைக்குத் தம்பி. தண்ணியும் தீனும் போட்டால் காணும். நீரும் தனியத்தானே கிடக்கிறீர்."

மறுக்கும் நிலையில் நான் இல்லை. அந்த வாடகைக்கு வேறு அறை கிடைக்காது. அங்கிள் கீழே வரக் கூடாது என்பது அன்ரியின் கட்டளை. அவர் பின்னேரங்களில் படிக்கட்டின் உச்சியில் நின்று குரல் கொடுப்பார்.

"தம்பி, குருவியள் சாப்பிட்டவையோ?"

"ஓம் அங்கிள்."

"நீலவன் கதைக்கிறானோ?"

"விடாமல் கதைக்கிறான், அங்கிள்."

முதல் வாரமே ஒரு பிழை விட்டேன். தீன் கிண்ணம் நிறைந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் எதுவும் போடவில்லை. பறவைகள் அதைக் கிண்டிக்கொண்டே இருந்தன. சந்தேகத்தில் கிண்ணத்தை எடுத்து ஊதினேன். எல்லாம் பறந்தது, வெறும் கோது. விதையைத் தின்று கோதை அதற்குள்ளேயே போட்டிருந்தன. உடனே கிண்ணத்தை நிரப்பினேன். அதன் பிறகு அவற்றைச் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்க வேறு எதுவும் இருக்கவும் இல்லை. நீலம் ஒற்றைக் காலில் நின்று தூங்குவதும், எழும்பியதும் ஒரு சிறகையும் ஒரு காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிப்பதும், பச்சைப் பெண்குருவி கூட்டுக் கதவின் கொளுக்கியைத் திறக்கப் பாடுபடுவதும் எனக்குப் பாடமாகிப்போயின.

ஜனவரியில் ஒருநாள் மத்தியானம் ஒரு சத்தம் கேட்டது. புதுச் சப்பாத்து தரையில் உரசுவதுபோல மிகச் சின்னதாக, விட்டுவிட்டு. பேர்னஸ் என்று நினைத்தேன். அது ஓய்ந்த பிறகும் சத்தம் ஓயவில்லை. என் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். நீலம் மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் அது வந்தது.

அடுத்த நாள் அது கழுத்தை நீட்டி நீட்டி விதையைக் கக்கியது. தலை இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு சிலும்பி நின்றன. பட்டப்பகலில் உடம்பை உப்பிக்கொண்டு, இரண்டு காலாலும் கம்பைப் பிடித்தபடி கண்மூடி இருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. கதைப்பது முற்றாக நின்றுவிட்டது.

அன்ரியிடம் சொன்னேன்.

"தடிமன் காய்ச்சலாக்கும் தம்பி. இந்தக் குளிருக்கு மனிசரே படுக்கேக்கை குருவி என்ன செய்யும்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இதை அவருக்குச் சொல்லிப்போடாதையும். கவலைப்பட்டால் அவருக்கு இழுப்புக் கூடும். ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய்க் கிடத்த என்னாலை ஏலாது."

அன்று பின்னேரமும் படிக்கட்டு உச்சியிலிருந்து கேள்வி வந்தது.

"நீலவன் கதைக்கிறானோ?"

"ஓம் அங்கிள்."

சொல்லிவிட்டுக் கூட்டைப் பார்த்தேன். அது கண்ணைத் திறக்கவில்லை.

துவாயால் கூட்டின் மூன்று பக்கத்தையும் மூடி, நான்காவது பக்கத்தில் மேசை விளக்கைக் கொளுத்தி வைத்தேன். நீலம் விளக்கை நோக்கி நகர்ந்து வந்தது. ஆனால் சத்தம் குறையவில்லை. இப்படியே மூன்று நாள் போனது. மூன்று நாளும் பொய் சொன்னேன். அது செத்தால் பழி என்மேல் விழும். சொன்னால் அங்கிளுக்கு ஏதாவது ஆகும். கொண்டு திரிந்தால் யாராவது பார்ப்பார்கள். கட்டிலில் கிடந்து இந்த மூன்றையும் மாறிமாறி நினைத்தேன். வழக்கைப் பற்றி நினைத்துப் பழகிய மூளைக்கு அது பெரிய வேலையாக இருக்கவில்லை.

நான்காம் நாள் காலை அது கம்பில் இருக்க முடியாமல் கூட்டின் அடித்தட்டில் இருந்தது. ரெலிபோன் புத்தகத்தை எடுத்து மிருக வைத்தியர்களை வரிசையாகக் கூப்பிட்டேன். நாய், பூனை மட்டும் என்றார்கள் ஐந்து பேர். ஆறாவது இடத்தில் பறவை பார்ப்பதாகச் சொன்னார்கள். கூட்டோடு கொண்டு வா, அடியில் விரித்த கடதாசியை மாற்றாதே, எச்சத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் ரெலிபோன் எடுத்த பெண்.

அன்ரி வேலைக்குப் போன பிறகு கூட்டைப் போர்வையால் சுற்றினேன். பால் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி உள்ளே வைத்தேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வெளியே காலை வைத்தபோது வெளிச்சத்தில் கண் கூசியது. நடைபாதை முழுக்க ஐஸ். விழுந்தால் முதுகும் போகும், பறவையும் போகும். குழந்தைப்பிள்ளை நடப்பதுபோல அடி வைத்துப் போனேன். இரண்டு பஸ். நேராக இருக்க முடியாமல் கூட்டை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தேன். யாரோ தெரிந்த முகம் ஏறியதுபோல இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

வைத்தியர் நரைத்த முடியுள்ள வெள்ளைக்காரப் பெண். போர்வையை எடுத்துவிட்டுத் தொடாமல் தள்ளி நின்று ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு கேட்டார்: "என்ன சாப்பிடுகிறான்?"

"விதை."

"வேறு?"

"விதை மட்டும்தான்."

துணியால் பொத்திப் பிடித்து, நெஞ்சு எலும்பைத் தடவி, கழுத்தடியில் விரலை வைத்தார். தொண்டையில் ஒரு சுரப்பி வீங்கி மூச்சுக்குழாயை நெரிக்கிறது, விதையில் அயடீன் இல்லை, வருடக்கணக்காக அதை மட்டும் தின்ற பட்ஜிகளுக்கு இது வரும் என்று சொன்னார். தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட ஒரு மருந்து தந்தார். பச்சைக்கும் அதையே கொடுக்கச் சொன்னார்.

"பறவை தன் வருத்தத்தை முடிந்தவரை காட்டாது. அடியில் விழுந்த பிறகுதான் பலர் கொண்டு வருவார்கள். சத்தத்தை நீ எப்போது கேட்டாய்?"

"நாலு நாளைக்கு முன்."

"பிறகேன் நாலு நாள் பொறுத்தாய்?"

நான் கூட்டைத் திரும்பவும் போர்வையால் சுற்றத் தொடங்கினேன்.

திரும்பி வந்தபோது பேஸ்மென்ற் கதவு திறந்து கிடந்தது. என் கட்டிலின் விளிம்பில் அங்கிள் இருந்தார். கையில் இழுப்புக்கு அடிக்கும் பம்ப். நெஞ்சு ஏறி இறங்கியது. மூச்சில் விசில் அடித்தது. கூட்டைக் கண்டதும் எழும்ப முயன்று முடியாமல் இருந்துவிட்டார்.

"எங்கை கொண்டுபோனீர்? செத்துப்போச்சு, எறிஞ்சுபோட்டீர் எண்டு நினைச்சன்."

"டொக்டரிட்டை அங்கிள். மருந்து தந்தவ. சுகம் வரும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அன்ரியின் பெயரைச் சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டேன். "பயத்திலை அங்கிள்."

அவர் தலையை ஆட்டினார். "தம்பி, என்ரை கட்டிலுக்குப் பக்கத்திலைதான் சூட்டுக்காத்து வாற ஓட்டை. கீழை நடக்கிறதெல்லாம் அதாலை கேக்கும். அவன் கதைக்கேல்லை எண்டு எனக்கும் நாலு நாளாத் தெரியும். நீர் ஓம் எண்டு சொல்லச் சொல்ல, சரி, அப்பிடியே இருக்கட்டும் எண்டு நானும் விட்டிட்டன்."

கூட்டை மேசையில் வைத்தேன். பிறகு அவரை மெல்ல மெல்லப் படியேற்றிவிட்டேன். பாரம் தூக்கக் கூடாத நான்தான்.

ஒரு கிழமையில் சத்தம் பாதியானது. மூன்றாம் கிழமை நீலம் பேர்னஸோடு போட்டிபோட்டுக் கத்தியது. பசளிக்கீரையும் துருவிய கரட்டும் வைத்தேன். பத்து நாள் அவற்றைக் கண்டு பயந்து ஓடிவிட்டு, பதினோராம் நாள் பச்சைக்குருவி கீரைக்குள் புகுந்து புரண்டது.

ஆனால் அங்கிளுக்குச் சுகம் வரவில்லை. சத்தம் ஏறும் அதே சூட்டுக்காற்றுக் குழாயால் தூசியும் ஏறும் என்று அவருடைய டொக்டர் சொன்னபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. அது ஏன் ஒருவருக்கும் யோசனை வரவில்லை? வைத்தியரிடம் வேலை செய்த பெண்ணின் தாய் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் பெரிய கூடு கட்டிப் பறவை வளர்க்கிறார், அங்கே கொடுக்கலாம் என்றார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கிளே காரை ஓட்டினார். தூசிக்காக நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டிருந்தார். நான் என் ஜக்கெற்றைக் கழற்றிக் கூட்டின்மேல் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் வெறும் வயல், உருகாத பனி. அங்கே போனதும் அவர் இறங்கவில்லை. நான் உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து ஏறினேன்.

"சந்தோசமாப் போனவையோ?"

"ஓம் அங்கிள்." இந்தத் தடவை அது உண்மை.

கார் நகரவில்லை. "தம்பி, உமக்கு எங்கையாவது போகவேணுமெண்டு இருக்கோ? வெளிக்கிட்டாச்சு, ஒருக்காப் போயிட்டு வருவம்."

யோசித்துப் பார்த்தேன். பக்டரி, பஸ், பேஸ்மென்ற். இந்த நாட்டில் எனக்கு வேறு இடத்தின் பெயர் தெரியாது. "எங்கை எண்டாலும் பரவாயில்லை" என்றேன். அவர் வடக்கே திருப்பினார். நேரான தெரு. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு கார் இல்லை. இருபது நிமிடம் அப்படியே போனோம். பிறகு அவர் கடிகாரத்தைப் பார்த்து, "அன்ரி தேடப்போறா" என்று சொல்லி, ஒரு பண்ணை வாசலில் காரைத் திருப்பினார்.