அத்தையும் பிலிம் பெட்டியும்

"நாளைக்குக் கோட்டயத்துல போயி தாத்தாவப் பிலிம்ல தேடப் போறோம்" என்று அத்தை சொன்னபோது எனக்கு எட்டு வயது. தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் அவருடைய போட்டோகூடக் கிடையாது. அவர் திரையில் நடந்து வருவார், ஒருவேளை பேசவும் செய்வார் என்று நினைத்துக்கொண்டு, கிறிஸ்மஸ் கவுனை மாட்டிக்கொண்டு விடியுமுன்னே தயாராகிவிட்டேன். இடைவேளையில் தின்பதற்கு முறுக்கும் எடுத்துக்கொண்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். மூணாறுக்கு மேலே, தாத்தா கொழுந்து பறித்த அதே எஸ்டேட்டில் அவளும் பறித்தாள். மலை ஏறுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் பஸ் என்றால் முதல் வளைவிலேயே குடலைப் புரட்டும். கல்யாண வீடுகளுக்குக்கூட அவள் கீழே இறங்குவதில்லை. அப்படிப்பட்டவள் முந்தானையில் ஒரு எலுமிச்சம்பழத்தை முடிந்துகொண்டு, நாலைந்து மணி நேரப் பயணத்துக்குத் துணிந்துவிட்டாள்.

காரணம் வில்லேஜ் ஆபீஸ். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைக்கு வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், தாத்தா காலத்திலேயே இந்த மலைக்கு வந்துவிட்டோம் என்று காட்ட வேண்டும். எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. குடியிருந்த லயத்து வரிசை வீடும் கம்பெனியுடையது. அப்பா ஒருமுறை அலைந்து பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டார். பழைய எஸ்டேட் வேதக்கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பிலிமில் பிடித்து கோட்டயத்து நூலகம் ஒன்றில் வைத்திருப்பதாகப் பாஸ்டர் அம்மா சொன்னதை அத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அத்தை பட்ட பாட்டை எழுத வேண்டாம். நூலகத்தில் வேலைபார்த்த ஒரு மலையாளச் சேச்சி எங்களை உட்காரவைத்து, சின்னப் பெட்டியிலிருந்து பிலிம் சுருளை எடுத்து, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நுழைத்துவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தது கறுப்புத் தாளில் வெள்ளைக் கையெழுத்து. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார், எழுத்து கறுப்பானது. தாத்தா எப்போது வருவார் என்று கேட்டேன். அத்தை அந்த எழுத்தைத்தான் காட்டினாள். எனக்குப் பெருத்த ஏமாற்றம். முறுக்கைத் தின்னவும் அங்கே விடமாட்டார்களாம்.

குமிழைத் திருகினால் பக்கங்கள் ஓடின. அத்தை கொஞ்ச நேரம் திருகினாள். பிறகு முகம் வெளுத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நின்ற இடத்தில் நிற்கும் மேசை முன்னால் உட்கார்ந்து ஒருவருக்குத் தலைசுற்றியதை அந்தச் சேச்சி அன்றுதான் பார்த்திருப்பார். குமிழ் என் கைக்கு வந்தது. ஞாயிறு பள்ளிக்காக அத்தை அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் உதவிக்கு வந்தது.

"மெல்ல உருட்டு பிள்ள. வளைவுல போறாப்புல இருக்கு."

தாத்தாவின் பெயர் ஞானமுத்து. சிக்கல் என்னவென்றால் அந்த மலையில் பாதிப்பேர் ஞானமுத்து. மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர், பேத்திக்குப் பாட்டியின் பெயர் என்று எங்கள் ஆட்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போயிருந்தார்கள். ஒவ்வொரு ஞானமுத்துவுக்கும் நான் குதித்தேன். அத்தை எலுமிச்சையை முகர்ந்துவிட்டு, எழுந்துவந்து குனிந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மதியம் சாப்பிடக்கூட யாரும் எழவில்லை. சேச்சியும் எங்களுக்காகத் தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் இருந்தார். அவருக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

இன்னொரு ஞானமுத்து வந்தது. பக்கத்தில் தாயின் பெயர் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தே, இதுல உன் பேரு போட்டிருக்கு."

அத்தை இந்தமுறை குனியவில்லை, மண்டியிட்டாள். தன்னை ஒருபோதும் பார்த்திராத பாட்டியின் பெயரை, தன் பெயரை, விரலால் தொட்டாள். கீழே எங்கள் எஸ்டேட்டின் பெயர் தெளிவாக இருந்தது. அவள் அழுதாள். பஸ் தலைசுற்றல் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சேச்சி அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து, அச்செடுத்து, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

இந்தத் தாள் யாருக்கு என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"வீட்டுல கெடக்கட்டும். காகிதந்தானே, சோறா கேக்கப் போகுது" என்றாள்.

பத்து வருஷம் அது டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நர்சிங் சேர்க்கைக்காக நான் வில்லேஜ் ஆபீசுக்குப் போன அன்று அதை எடுத்து என் பைலில் வைத்தாள். சாதிச் சான்றிதழ் கிடைத்தது, அதை வைத்து எனக்குச் சீட்டும் கிடைத்தது. அத்தையும் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள், இந்தச் சான்றிதழ் இல்லாமல்தான் கூடையைத் தூக்கினாள் என்று அப்பா அன்று இரவுதான் சொன்னார். நாங்கள் கோட்டயம் போன வருஷம் அவளுக்குப் படிக்கிற வயதெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது. அந்தத் தாளால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

கோட்டயத்திலிருந்து அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் ஒன்றுதான் காலியாக இருந்தது. எனக்கு வேண்டுமென்று அடம்பிடித்தேன். அத்தை எலுமிச்சையைக் கையில் எடுத்துக்கொண்டு, சரி நீயே உட்கார் என்றாள். மலை முழுக்க நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன்.