துன்ஹிந்தவில் ஒரு போத்தல் தண்ணீர்

மகளைப் பற்றிப் பெருமையடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமையடிக்கத்தான் போகிறேன்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு, கடலோரக் கல்முனையிலிருந்து, சிங்களவர் வாழும் மலைநாட்டுப் பக்கமுள்ள துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு ஒரு நாள் பயணம் போக ஆரம்பித்தார்கள். என் மகள் சிங்களம் நன்றாகக் கதைப்பாள் என்று பஸ் முதலாளி ஒருவர் அவளை வழிகாட்டியாகக் கேட்டார். முதல் பயணம் சரிவந்தால்தான் அடுத்தது. நானும் மனைவியும் துணைக்கு ஏறினோம். பஸ் நிறைய அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பெண்கள், எங்களை அறியாதவர்கள்.

“நம்மட மகள் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க. ஏதும் பிழச்சா மானம் போயிரும்” என்றாள் மனைவி. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மகளுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

பஸ்ஸை விட்டிறங்கிக் காட்டுப்பாதையில் நடந்தோம். அருவி கண்ணில் படுமுன்பே இரைச்சல் வந்துவிட்டது. அவ்வளவுதான், பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். சுனாமியன்று கேட்ட அதே இரைச்சல். மலைநாட்டில் நின்றுகொண்டு, கடல் வருகிறதென்று ஓடத் தயாராகிவிட்டார்கள். நான் சிரித்திருப்பேன். ஆனால் அன்று கடலைக் குடித்து, தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பிய என் மனைவியின் கையிலும் செருப்பு இருந்தது.

“பஸ்ஸுக்குப் போவம்” என்றார்கள். மகளின் வேலை இன்றோடு சரி என்று நினைத்தேன்.

அவள் யாரையும் அதட்டவில்லை. “கொஞ்சம் நில்லுங்க, வாறன்” என்று தனியே இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது உடுப்பெல்லாம் ஈரம். கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

“அருவித் தண்ணிதான். குடிச்சுப் பாருங்க, உப்புக் கரிக்குதா எண்டு.”

யாரும் கை நீட்டவில்லை. மனைவிதான் வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தாள். கண்ணைத் திறந்து இன்னொரு மிடறு குடித்தாள்.

“உப்பில்ல” என்றாள். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நடந்தாள். போத்தல் கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. ஒவ்வொரு செருப்பாகக் காலுக்குத் திரும்பியது.

அருவிச் சாரலில் முகம் நனைந்து நின்ற அக்கரைப்பற்றுப் பெண்ணொருத்தி மகளைக் காட்டிக் கேட்டாள்: “இது ஆர்ர புள்ள? பெத்தவள் குடுத்து வெச்சவள்.”

நான் வாயைத் திறப்பதற்குள், எனக்குத் தடை போட்டவளே முந்திக்கொண்டாள். “என்ட மகள்” என்றாள். இரைச்சலில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தரமும் சத்தமாகச் சொன்னாள்.