செவலைக்குக் காய்ச்சிய கஞ்சி

போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. பிள்ளைகள் கைவிட்டுக் கும்மாளமிட்டார்கள். எனக்கு மட்டும் நாய் வாடை அடித்தது. சிரிக்காதீர்கள், அந்தப் புகைக்கும் நாய்க்கும் சம்பந்தம் உண்டு.

அறுபதுகளில், ரெட்டியார்சத்திரம் போகிற சாலையில் ஒரு டாக்டர் கொட்டகை போட்டு ஆராய்ச்சி நடத்தினார். செத்த நாயின் பெரிய ரத்தக் குழாயில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, ரயிலில் வரும் இதே புகை ஐஸில் மாதக்கணக்கில் உறைய வைப்பார். பிறகு அதை உயிருள்ள நாயின் வயிற்றுக்குள், அதன் குழாய்க்கு நடுவே வைத்துத் தைப்பார். எத்தனை வருஷம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். நான் ஐஸ் பெட்டிக்குக் காவல். ஊரில் டெக்னீசியன் என்று சொல்லிக்கொண்டேன். பெண் கொடுத்தவர்களும் நம்பினார்கள்.

பல நாய்களுக்குக் குழாய் அடைத்துப் பின்னங்கால் விழுந்துவிடும். இழுத்துக்கொண்டே சோற்றுக்கு வரும். சிலவற்றுக்குக் குழாய் வெடித்துவிடும், வாலாட்டிக்கொண்டிருக்கும்போதே சாயும். டாக்டருக்கு அவையெல்லாம் வெறும் எண்கள்.

பேர் வைத்தது கஞ்சி ஊற்றுகிற சவரியம்மாள். செவலை மட்டும் வருஷக்கணக்கில் ஓடித் திரிந்தது. அவளைத் தவிர யாரிடமும் வராது. ஒருநாள் டாக்டர், "செவலையக் கூட்டிட்டு வாம்மா, திறந்து பாக்கணும்" என்றார். குளிப்பாட்டிக் கூட்டி வந்து, அவளே மேசைமேல் தூக்கிவிட்டாள்.

மதியம் நான் வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?" என்றேன்.

"செவலைக்குத்தேன். போன தடவ முழிச்சதும் என் கையத்தானே தேடுச்சு. தைக்க இம்புட்டு நேரமா அப்பு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் முறை வயிற்றைத் திறந்தார்கள், தைத்தார்கள், நாய் எழுந்து வந்தது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். உள்ளே செவலை முடிந்திருந்தது, குழாய் ஜாடிக்குள் போயிருந்தது. நான் குனிந்து அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினேன்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "குழாய் புதுசாட்டம் இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

"அந்தோணியார் கைவிடல" என்று சிலுவை போட்டுக்கொண்டு, ஆறத் தொடங்கிய கஞ்சியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். தோட்டி பின்பக்கமாகச் சாக்கை இழுத்துப் போகும்வரை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த இடத்தில்தான் இந்தக் கல்யாண மண்டபம். கொட்டகை இல்லை, வேப்பமரம் இல்லை, டாக்டரும் இல்லை. சவரியம்மாள் அன்றைக்கே போனவள், திரும்பவில்லை. அவள் விட்டுப்போன கஞ்சி வீணாக வேண்டாமே என்று, மற்ற நாய்களுக்கு ஊற்றச் சொன்னார் டாக்டர்.