ராஜாவுக்கு எடுத்துக் கொடுப்பவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகாராஜாவின் தாடியை ஷாம்பு போட்டு அலசிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. அலசி முடித்து, அவர் பனியனுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுக் கொடியில் மாட்டினாள். சாயங்காலம் கொழுந்தன் வந்து அதை வாங்கிக்கொண்டு போவான். வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

மகாராஜா, பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்ற பிள்ளைகளே சதி செய்து இறக்கிவிடும் கிழட்டு ராஜாவின் கதையை டிப்போ நாடகக் குழு வருஷா வருஷம் போடும். பதினெட்டு வருஷமாக அவர்தான் ராஜா. சிம்மாசனத்தைத் துடைக்கக்கூட இன்னொருவரை விடமாட்டார். வசனம்தான் மனசில் நிற்காது. பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அடி எடுத்துக் கொடுப்பது மனைவியின் வேலை. ஜனங்கள் உருகிப்போன அந்த நீண்ட மௌனங்களெல்லாம் அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிய நேரம்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பல் டாக்டர் "எங்கே வலிக்குது?" என்று கேட்டால், திறந்த வாயோடு இவளைத் திரும்பிப் பார்ப்பார்.

போன வருஷம், சிம்மாசனப் படியில் உருளும் காட்சியில் நிஜமாகவே உருண்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ்களிடம் பீற்றிக்கொண்டார். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்புதான் என்றார் டாக்டர். இந்த வருஷமும் விழுவேன் என்றார் இவர்.

போன வாரம் மகள் அடுப்படிக்கு வந்து கிசுகிசுத்தாள். "அவர்கிட்ட பேசிப் பிரயோஜனமில்லம்மா. ஒத்திகையில நீ வாயை மூடிக்கிட்டு இரு, போதும்."

"அடிப்பாவி, பெத்த அப்பனுக்கே குழி தோண்டுறியே!"

"இடுப்பு உடைஞ்சா நீதானே தூக்கணும்?"

நேற்று ஒத்திகையில் இரண்டாம் காட்சியிலேயே அவர் நின்றார். கண் திரைப் பக்கம் போனது. இவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை நின்றதும் டைரக்டர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, இந்தத் தடவை நீங்க மந்திரியா வாங்க, உட்கார்ந்தே இருக்கலாம். ராஜாவை உங்க தம்பி பார்த்துக்கட்டும்."

தம்பிக்கு, பாவம், சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

ஈரக் கையைத் துடைத்தபடி அவள் உள்ளே வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அவன் மூஞ்சிக்கு அந்தத் தாடி பெருசு. ஆட்டுக்கடா மாதிரி இருப்பான்."

"ஆமா, உங்களுக்கு மட்டும் அப்படியே ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்துச்சாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "நேத்து உனக்குப் பக்கம் தவறிப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் போலிருந்தது.

"இல்லைங்க. மடியில திறந்துதான் வச்சிருந்தேன்."

நாடகத்தில் இந்த மாதிரி இடத்தில் அவருக்கு ஒன்றரைப் பக்கம் வசனம் உண்டு. இப்போது எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டார். வாசற்படி வரை போய்த் திரும்பினார்.

"சனிக்கிழமை மேடையில அவன் நின்னுட்டா, அவனுக்கு எடுத்துக் கொடுப்பியா?"

அவள் கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் வெளியே போனார்.